கரும்பலகையில் எழுதிய தொகை

சித்தூர் வட்டம், பாலக்காடு.

அன்புள்ள குமரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அக்டோபர் 2 கிராம சபையில் நீ கொண்டுவந்த ஓடைத் தடுப்புச் சுவர்த் தீர்மானம் மூன்றாவது முறையாகப் பதிவேட்டில் ஏறியதோடு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது 200 பேர் (குறைவெண் வரம்பு) வேண்டுமென்று நூறு நாள் வேலைக்காரர்களை வரவழைத்துக் கையெழுத்து வாங்கிய கதையைப் படித்துச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

மகள் வீட்டுக்குக் குடிவந்த பிறகு இங்கு கேரளத்தில் இரண்டு கிராம சபைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். இங்கே ஊராட்சி முழுமைக்கும் ஒரே சபை இல்லை, வார்டுக்கு ஒன்று. பள்ளி வகுப்பறையில் கூடியவர்களைக் குடிநீர், வேளாண்மை, சாலை எனக் குழுக்களாகப் பிரித்து அமர்த்தினார்கள். வார்டு உறுப்பினர் முதலில் செய்த வேலை, சாலைக்கு இவ்வளவுதான் என்று கரும்பலகையில் தொகையை எழுதியது. அதன்பின் நடந்த பேச்சே வேறு. தன் சந்துக்குக் கான்கிரீட் போடச் சொன்ன ஒருவரிடம், பக்கத்திலிருந்த மூதாட்டி, "அதைப் போட்டால் சிறுபாலத்துக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நம் ஊரில் அந்தக் கேள்வியை யாராலும் கேட்க முடியாது, ஏனென்றால் கழிப்பதற்கு நம்மிடம் ஒரு தொகையே இல்லை.

உள்ளூர்த் திட்டங்களை ஊர்க்காரர்களே தீட்டும் 'மக்கள் திட்ட'த்தை 1996 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குத் தருவதென்று கேரளம் முடிவெடுத்தது. ஊராட்சிகளுக்குத் திறமை வரட்டும், பிறகு பணம் தரலாம் என்று காத்திருக்காமல், பணத்தை ஒதுக்கிவிட்டுத் திட்டம் தீட்டச் சொன்னதுதான் இதில் துணிச்சல் என்று நான் நினைக்கிறேன். எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பது மாநில வரவு செலவுத் திட்டத்தின் நான்காம் பின்னிணைப்பிலேயே அச்சாகிவிடுகிறது. கிராம சபையில் எழும் யோசனைகள் துறைவாரிப் பணிக்குழுக்கள், வளர்ச்சிக் கருத்தரங்கு வழியாக மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலுக்குப் போகின்றன.

எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று எண்ணிவிடாதே. வீடு, ஆடு, கோழிக்கூண்டு என்று பயனாளிப் பட்டியல் வாசிக்கும்வரை அறை நிறைந்திருந்தது. வாசித்து முடித்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கார் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை, என் மருமகன் உட்பட.

உன் தடுப்புச் சுவருக்கு வருகிறேன். நான்காம் முறையும் தீர்மானம் எழுதுவதற்கு முன், ஒன்றிய நிதிக்குழு மானியத்தில் இவ்வாண்டு நம் ஊராட்சிக்கு வருவது எவ்வளவு, குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டியது போக எஞ்சுவது எவ்வளவு என்று செயலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. ஜனவரி 26 கூட்டத்துக்கு நானும் வந்துவிடுவேன். சுவரின் நீளத்தை மட்டும் நாடா பிடித்து அளந்து வை.

அன்புடன்,
சண்முகம்