சிஷோம் உங்கள் துறைக்காரர்

தமிழ்நாடு பொதுப்பணித் துறைப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். கட்டடக் கலைஞர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோமை யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் துறையில் வேலை பார்த்தவர் அவர். 1840-இல் லண்டனில் பிறந்து, மாநிலக் கல்லூரிக்கான வரைபடப் போட்டியில் வென்று 1865-இல் சென்னைக்கு வந்தார். பிறகு சென்னை அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞரானார். சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாபின் பழைய அரண்மனைக் கட்டடங்களான கல்சா மஹாலையும் ஹுமாயூன் மஹாலையும் இணைக்கும் கோபுரம் அவர் எழுப்பியதுதான்.

1870-இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரி இத்தாலியச் சாயலில் இருக்கும். அதே சாலையில், இந்திய, இஸ்லாமியப் பாணிகளைக் கலந்து அவர் கட்டி 1879-இல் முடிந்த பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பார்த்தால் இரண்டும் ஒரே கை போட்ட வரைபடமா என்று சந்தேகம் வரும். இடையில் அவருக்கு மதுரை வாய்த்தது. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் திருமலை நாயக்கர் மஹாலைச் செப்பனிடும் வேலை அவரிடம் வந்தது. அந்தத் தூண்களையும் வளைவுகளையும் சுதை வேலையையும் அருகிலிருந்து பார்த்தவருக்கு இத்தாலி சலித்திருக்கும் என்பது என் ஊகம். 1880-இல் கட்டி முடிந்த திருவனந்தபுரம் அருங்காட்சியகத்துக்குக் கேரளக் கூரையையே எடுத்துக்கொண்டார். முதலில் வரைந்த கட்டடக் கலைஞர் சார்லஸ் மாண்ட் இறந்தபின் பரோடாவின் லட்சுமி விலாஸ் அரண்மனையை முடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

சென்னையில் அவர் கட்டியவை செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரமும் கடற்காற்றின் உப்பும் வெளியேற வழியின்றிச் செங்கல்லிலேயே தங்கிவிடும். சில ஆண்டுகளில் செங்கல் பொடிப்பொடியாக உதிரும். மேலே பூச்சு மட்டும் பளபளவென்று இருக்கும்!

உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஜனவரித் தீயில் கல்சா மஹாலின் கூரை விழுந்தது, தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கட்டடத்தைக் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில், மர உத்தரங்கள்மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு போடும் மெட்ராஸ் டெரஸ் கூரையோடு மீட்டெடுத்தது உங்கள் துறைதான். அதற்காக எழுந்து நின்று வணங்கலாம்.

பெரிய மீட்புப் பணி என்றால் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். என் கவலை சில்லறை வேலைகள் பற்றியது. ஒழுகும் கூரை, குளிர்சாதனப் பெட்டிக்காக உடைத்த சுவர், புதிய கழிப்பறை என்று வரும்போது கையில் கிடைக்கும் சிமெண்ட் மூட்டைதான் பிரிக்கப்படும்.

ஆகவே, சிஷோம் கட்டிய அரசுக் கட்டடங்களில் ஐந்தாயிரம் ரூபாய் வேலைக்கும் சுண்ணாம்புக் காரையே என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதுங்கள். கல்சா மஹாலில் வேலை செய்த கொத்தனார்களைத் தேடிப்பிடித்து, இளையவர்கள் சிலரை அவர்களோடு சேர்த்து, நிரந்தரச் சம்பளத்தில் ஒரு குழு வையுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒழுகும் கூரைகளை அவர்களிடமே ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
சேப்பாக்கம் வழியே தினமும் பஸ்ஸில் போகும் ஒருவர்