போன்ல சொல்ல முடியாதது

எக்ஸ்மத், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? பூம்பாறையில மழை எப்படி, பூண்டு எப்படி வந்திருக்கு?

"பட்டத்தைக் கட்டிக்கிட்டு ஆத்துல போறதெல்லாம் உனக்கு வேண்டாம்மா"ன்னு சொல்லி போனை வச்சுட்டீங்க. ரெண்டு நாளா எனக்கு வேலையே ஓடல. அதான் எழுதுறேன். இதுக்குக் கைட்சர்ஃபிங்னு பேருப்பா. பெரிய பட்டத்தை இடுப்புல மாட்டிக்கிட்டு, அது காத்துல இழுக்க, பலகை மேல நின்னு தண்ணியில போறது.

நம்ம ஓடை மேலேருந்து கீழதான் ஓடும். இங்க எக்ஸ் ஆறு கடல்ல சேர்ற இடம். கடல் ஏறுனா தண்ணி ஆறு மணி நேரத்துக்கு உள்ள வரும், அப்புறம் அதே மாதிரி வத்தும். தினமும் ரெண்டு தடவை. ஒவ்வொரு நாளும் 50 நிமிஷம் போல தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய 4 மீட்டர் ஏறி இறங்கும். அம்மா காலண்டர்ல அமாவாசை பாக்குறது விரதத்துக்கு. நான் பாக்குறது ஆத்துல இறங்கலாமா வேண்டாமான்னு தெரிஞ்சுக்க.

ஆத்தோட வாயை மணல்மேடு ஒண்ணு அடைச்ச மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. வத்துற தண்ணி அத்தனையும் அந்த இடுக்குலதான் பாயும். எதிர்ல காத்து. ரெண்டும் முட்டுனா அலை குட்டையா, நெருக்கமா, குத்துக்குத்தா எழும்பும். மழைக்கப்புறம் மன்னவனூர் ரோட்டுல ஜீப்புல நின்னுக்கிட்டே போனா முழங்கால் என்ன பாடுபடும், அப்படித்தான் பலகை உதைக்கும். காலை விறைப்பா வச்சா விழுந்துருவோம்.

உங்ககிட்ட ஒண்ணு மறைச்சேன்ப்பா. போன மாசம், தண்ணி வத்த ஆரம்பிச்சப்புறமும் இன்னும் ஒரு சுத்துன்னு நின்னுட்டேன். காத்து உள்பக்கமா அடிக்குது, எப்படியும் கரைக்கு வந்துரலாம்னு நம்பினேன். காத்து சட்டுனு படுத்துருச்சு, பட்டம் தண்ணியில விழுந்துச்சு. பக்கத்துல சிவப்பு மிதவை ஒண்ணு என்னைத் தாண்டி வேகமா ஓடுச்சு. சங்கிலி போட்ட மிதவை எப்படி ஓடும்? நான்தான் கடலைப் பாத்துப் போய்க்கிட்டிருந்தேன்.

பயந்தேன். ஆனா கை வேலையை நிறுத்தல. சொல்லிக்கொடுத்தபடி பட்டத்தோட இழுப்பை விட்டு, 20 மீட்டருக்கு மேல நீளமான கயிறுகளைக் கைப்பிடிக் கம்பியில சுத்தி, காத்தடைச்ச பட்டத்தைக் கட்டிப்பிடிச்சு மிதந்தேன். பத்து நிமிஷத்துல வாத்தியாரோட ரப்பர் படகு வந்துருச்சு.

தப்பு என்மேலதான். இப்ப தண்ணி ஏறுற நேரத்துல மட்டும்தான் இறங்குறேன், தனியா இறங்குறதே இல்ல. மலையில மூட்டம் இறங்குறதைப் பாத்தவுடனே மருந்தடிக்கிறதை நிறுத்திருவீங்களே, அந்தப் பார்வை எனக்கு இங்க வர ஒரு வருஷம் ஆச்சு.

செப்டம்பர் நடுவுலேருந்து டிசம்பர் முடியிறவரை எங்க பக்கத்துக் கரையோரம் ஒரு பகுதிக்குப் போகமாட்டேன். சைபீரியாவுலேருந்து கருப்பு வாத்துக் கூட்டம் மேய வரும், தொந்தரவு பண்ண வேண்டாம்னு கேட்டிருக்காங்க.

சனிக்கிழமை கரையேறினதும் கூப்பிடுறேன். அங்க ராத்திரி எட்டு மணி இருக்கும். எடுங்கப்பா.

உங்க மக