ஹரோ கிழக்கில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பான உறவுகளே, அயலவர்களே,

2024 ஜூலை 4 அன்று நடந்த பிரித்தானியப் பொதுத்தேர்தலில் எங்கள் தொழிற்கட்சி நாடெங்கும் 411 ஆசனங்களை அள்ளியது. கொன்சவேட்டிவ் 121க்குச் சுருங்கியது. லண்டனில் உள்ள நம் ஹரோ கிழக்குத் தொகுதியிலோ கொன்சவேட்டிவ் கட்சியின் பொப் பிளக்மன் 25,466 வாக்குகளோடு திரும்பி வந்தார். எங்கள் வேட்பாளர் பிரிமேஷ் பட்டேலுக்குக் கிடைத்தவை 13,786. 2017இல் வெறும் 1,757ஆக இருந்த வித்தியாசம் 2019இல் 8,170 ஆகி, இப்போது 11,680. தொகுதி எல்லை கொஞ்சம் மாறியதுதான், ஆனால் அதைச் சாட்டுச் சொல்லித் தப்ப முடியாது. மனம் சோர்ந்துதான் இருக்கிறது.

அதற்காக நீங்கள் செய்த வேலை வீண் போகவில்லை. முதல் நன்றி, தபால் வாக்கைப் பொறுமையாக விளக்கியவர்களுக்கு. வாக்குச்சீட்டு ‘ஏ’ உறைக்குள். அந்த உறையும் பிறந்த திகதி, கையெழுத்துத் தாளும் ‘பி’ உறைக்குள். சொல்லச் சுலபம். பிறந்த திகதிக் கட்டத்தில் அன்றைய திகதியை எழுதுவார்கள். ஒரே மேசையில் இருந்து நிரப்பும் கணவன் மனைவி தாள்களை மாற்றிப் போட்டுவிடுவார்கள். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்து வைத்தவர் இங்கே ஆங்கிலத்தில் வைத்தால் பொருந்தாது, வாக்கு தள்ளுபடி. “தம்பி, நீரே கொண்டுபோய்ப் போட்டுவிடும்” என்று நீட்டிய அம்மாமாரிடம், 2024 மே மாதத்திலிருந்து கட்சித் தொண்டர்கள் பிறரின் தபால் வாக்கைத் தொடக்கூடாது என்ற சட்டத்தை முகம் கோணாமல் சொன்னீர்களே, அது பெரிய காரியம்.

வாக்குச்சாவடியில் காட்டவேண்டிய படமுள்ள அடையாள அட்டை விஷயத்தில் இளையவர்கள் கைகொடுத்தீர்கள். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டும் செல்லும். காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் போதும். 60 வயது தாண்டியோரின் ஒய்ஸ்டர் அட்டை (லண்டன் பயண அட்டை) செல்லும், மாணவர் ஒய்ஸ்டர் செல்லாது. (இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் கேட்காதீர்கள்.) தகப்பன் பெயர் முன்னா பின்னா என்று நம்மவர் பெயர்கள் பதிவேட்டில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் வேறு விதமாகவும் கிடப்பதையும் முன்கூட்டியே பார்த்துச் சொன்னீர்கள்.

காலை 7 முதல் இரவு 10 வரை வாக்குச்சாவடி வாசலில் மாறி மாறி நின்று வாக்காளர் எண்களைக் குறித்தவர்களுக்கும் நன்றி. எண் சொல்வது கட்டாயமில்லை. சிலர் முறைத்துவிட்டுப் போனார்கள். யார் வாக்களித்துவிட்டார்கள் என்று காட்டும் அந்தத் தாள்கள் நேரத்துக்கு வந்து சேராவிட்டால், மாலையில் ஏற்கெனவே வாக்களித்தவரின் கதவையே மறுபடி தட்டி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் தோற்றோம்? பிளக்மன் 2010 முதல் இங்கே எம்.பி. கோயில், சங்கம் என்று விடாமல் முகம் காட்டுபவர். இந்திய அரசின் பத்மஸ்ரீ பெற்றவர். வீடற்றோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அவர் கொண்டுவந்ததே. 2019இல் எங்கள் கட்சி மாநாடு நிறைவேற்றிய, இந்தியாவுக்கு எதிரானதாகப் பார்க்கப்பட்ட காஷ்மீர் தீர்மானத்தை இந்து வாக்காளர் பலர் இன்னும் மறக்கவில்லை. அதே இரவில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த லெஸ்டர் கிழக்குத் தொகுதியையும் நாங்கள் இழந்தோம். ஹரோ நகரசபை 2022இலேயே எங்களிடமிருந்து கொன்சவேட்டிவுக்குக் கைமாறியபோது விழித்திருக்க வேண்டும். நாட்டில் வீசிய காற்றை நம்பி, ஸ்டான்மோரிலும் கென்டனிலும் வருடம் முழுவதும் செய்யவேண்டியதை ஆறு வாரப் பிரசாரத்தில் செய்துவிடலாம் என்று கட்சி கணக்குப் போட்டது.

ஒரு சந்தோஷம்: 2015இல் இதே தொகுதியில் இதே பிளக்மனிடம் தோற்ற எங்கள் கட்சியின் உமா குமாரன், இம்முறை கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் வென்று பாராளுமன்றம் போயிருக்கிறார். அன்று அவருக்காக இங்கே கதவு தட்டியவர்களுக்கும் இந்த நன்றி சேரட்டும்.

அடுத்தது 2026 மே மாத நகரசபைத் தேர்தல். 2023 அக்டோபர் 31க்கு முன் தபால் வாக்குக்கு விண்ணப்பித்தவர்களின் பதிவுக்கு 2026 ஜனவரி 31தான் கடைசி நாள். புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தேசிய காப்புறுதி எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் ஒப்பமிட்டுப் படமெடுத்து இணைய விண்ணப்பத்தில் ஏற்றுங்கள். தமிழோ ஆங்கிலமோ, வாக்களிக்கும்போது வைக்கப்போகிற அதே கையெழுத்தாக இருக்கட்டும்.

நன்றியுடன்,
ஹரோ கிழக்கு தொழிற்கட்சித் தமிழ்த் தொண்டர்கள்