வாய் திறக்காத சிசுக்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பச்சிளம் சிசுக்களுக்கு வரும் இரணஜன்னி (டெட்டனஸ்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெண்டிலேட்டர் வந்ததால் இறப்பு குறைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

1980களில் ஓர் அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தேன். பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை ஆறாம் நாளோ ஏழாம் நாளோ வாயைத் திறக்காது. தொப்புள்கொடியை அரிவாளால் அறுத்திருப்பார்கள், அல்லது சாம்பலோ சாணமோ வைத்திருப்பார்கள். தாய்க்குப் பால் கட்டி மார் கனத்திருக்கும். பிள்ளைக்கோ உதடு குவிந்து இறுகியிருக்கும். கதவு சாத்தும் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்து முகம் நீலம் பாரிக்கும். இருட்டறை, இழுப்பை அடக்கும் டயஸெபாம் மருந்து, பால் புகட்ட மூக்குவழிக் குழாய், எங்களிடம் இருந்தவை இவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். ஊசி, பால், துணி மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிப்போம். மறுபடி தொட்டால் மறுபடி இழுப்பு வரும்.

தொப்புள் வழியே புகுந்த கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கும்; நரம்பில் ஏறிவிட்ட அந்த நஞ்சை எந்த மருந்தாலும் இறக்க முடியாது. இம்யூனோகுளோபுலின் என்ற நஞ்சுமுறி ஊசி இன்னும் நரம்பில் ஏறாததை மட்டுமே தடுக்கும். நஞ்சின் பிடி தளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பிள்ளையை உயிரோடு வைத்திருப்பதுதான் வைத்தியம். கேப்டவுனில் ஸ்மைத், புல் என்ற இரு மருத்துவர்கள் 1959இல் வெளியிட்ட முறை அதுதான். தசையைத் தளர்த்தும் மருந்தால் இழுப்போடு சுவாசத்தையும் நிறுத்திவிட்டு, தொண்டையில் துளையிட்டுக் கருவியால் மூச்சூட்டினார்கள். சிகிச்சையே இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இறக்கும் நோயில், தீவிர சிகிச்சை கிடைத்தால் இன்று பெரும்பாலானவை பிழைக்கின்றன.

ஆனால் அப்படித் தளர்த்தப்பட்ட பிள்ளையால் இருமவோ இமைக்கவோ முடியாது. குழாய் கழன்றால் அழக்கூட முடியாது. சளியை உறிஞ்சி எடுக்க, புரட்டிப் படுக்கவைக்க, கண் காயாமல் பார்த்துக்கொள்ள, இரவு பகலாக ஒருத்தி பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். கருவி வாங்கிய செய்தியைப் படத்தோடு போடும் பத்திரிகைகள், அந்த வார்டில் இரவுப் பணிக்கு எத்தனை செவிலியர் என்றும் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. இந்த நோய் வந்துபோனாலும் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. பிழைத்து வீடு திரும்பும் பிள்ளைக்கும் உரிய வயதில் தடுப்பூசி போட வேண்டும், தாய்க்கும் போட வேண்டும். அடுத்த இதழில் இதைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தென்காசி.