பாப்பாவுக்கு, அந்த மஞ்ச வண்டி பத்தி

பாப்பா, மியூசியம் எப்படி இருந்துச்சுன்னு நீ போன்ல கேட்டப்ப நல்லா இருந்துச்சும்மான்னு மட்டும் சொல்லி வச்சுட்டேன், பக்கத்துல உங்கம்மா பேச விட்டாத்தானே, அதான் இப்ப சாவகாசமா டைப் பண்றேன்.

ஜப்பான்ல நகோயா ரயில் மியூசியத்துல உள்ள நுழைஞ்சதும் இருட்டு ஹால்ல மூணு வண்டி நிக்குதுல்ல, 1954ல 129 கிலோமீட்டர் வேகத்துல ஓடுன ஸ்டீம் இன்ஜின், 1996ல 443ஐ தொட்ட 300எக்ஸ்ங்கற சோதனை புல்லட் ரயில், அப்பறம் 2003ல 581ல போன மேக்லெவ், அதாவது காந்தத்துல மிதந்து ஓடுற ரயில். மாப்பிள்ளை அந்த மேக்லெவ்வ விட்டு நகரவே இல்ல, ஹீலியத்த வச்சு காந்தத்த மைனஸ் 269 டிகிரிக்கு குளிர வச்சு 10 சென்டிமீட்டர் மேல தூக்கிட்டு ஓடுதாம். ஆனா 150 கிலோமீட்டர் வேகம் வர்ற வரைக்கும் அதுவும் ரப்பர் சக்கரத்துலதான் உருளணுமாம், அதக் கேட்டதும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

நான் ரொம்ப நேரம் நின்னது டாக்டர் யெல்லோங்கற அந்த மஞ்ச வண்டிகிட்ட. பயணிகள ஏத்தாத வண்டி அது. தண்டவாளம் எங்க எறங்கியிருக்கு, கேஜ், அதான் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி, எங்க கூடியிருக்கு, மேல ஒயர் எங்க தேஞ்சிருக்குன்னு 270 கிலோமீட்டர் வேகத்துல ஓடிக்கிட்டே அளந்துடும், பத்து நாளைக்கு ஒரு தடவ டோக்கியோவுக்கும் ஹகாட்டாவுக்கும் நடுவுல. எப்ப வரும்னு வெளிய சொல்ல மாட்டாங்க, அதனால கண்ணுல பட்டாலே அதிர்ஷ்டம்னு அங்க ஒரு நம்பிக்கை. 2025 ஜனவரியில ஓட்டத்த நிறுத்தி ஜூன்ல இந்த மியூசியத்துல கொண்டாந்து வச்சிருக்காங்க, நாங்க போன அன்னைக்கு அத சுத்தி ஒரே பொடிசுங்க கூட்டம். அப்பா சுத்தியும் ஸ்பேனரும் தூக்கிட்டு, கழண்டு நிக்கிற கிளிப்ப தட்டிக்கிட்டே வெயில்ல லைனோட நடந்தேன்ல, அந்த கீமேன் வேலைக்கு அண்ணன் வேலைதான் இதுவும், நம்மூர்ல கீமேன்கூட நின்னு எவன் போட்டோ எடுத்தான் சொல்லு.

1964ல இருந்து ஷிங்கன்சென், அதான் ஜப்பான் புல்லட் ரயில், தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட சாகல. ராத்திரி 12 மணியில இருந்து காலைல 6 வரைக்கும் வண்டிய விடாம லைன்ல எறங்கி வேலை பாக்குறாங்களே, அவங்களுக்குத்தான் அந்தப் பேரு போகணும். ஆனா பேரு யாருக்குப் போகுதுங்கறது எல்லா ஊர்லயும் ஒரே கதைதான், இந்த புல்லட் ரயில் லைனையே போராடிக் கொண்டுவந்த ஜப்பான் ரயில்வே தலைவர் சோகோ, இன்ஜினியர் ஷிமா ரெண்டு பேரும் செலவு ரெண்டு மடங்கு ஆயிடுச்சுன்னு 1963லயே பதவிய விட்டுட்டாங்க, மறு வருஷம் திறப்பு விழாவுக்கு அவங்கள கூப்பிடக்கூட இல்ல.

ஜேஆர் வெஸ்ட்ங்கற ஜப்பான் ரயில் கம்பெனிகிட்ட இன்னொரு மஞ்ச வண்டி இன்னும் ஓடுது, அதையும் 2027 வாக்குல நிறுத்தப் போறாங்களாம். பேரன ஒரு லீவு நாள்ல ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போ, பிளாட்ஃபார்ம் டிக்கெட் எடுத்தா போதும். வந்துச்சுன்னா வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு, சக்கரம் தெரியற மாதிரி எடு.

அப்பா