கோலப்போட்டியை நிறுத்தாதீர்கள்: நம் நகர் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் சாருக்கும், செயலாளர் தம்பிக்கும், பொருளாளர் அக்காவுக்கும், செயற்குழுவில் உள்ள மற்ற எல்லோருக்கும் மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து வணக்கம்.

தீபாவளிக்கு மறுநாள் கேட்டில் செருகிவிட்டுப் போன சுற்றறிக்கை கிடைத்தது. பாதி நனைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. முதல் பக்கம் முழுக்கப் பொங்கல் விழா. பூங்காவில் மேடை, இன்னிசைக் கச்சேரி, டிவியில் வரும் மிமிக்ரி கலைஞர்கள், குலுக்கலில் முதல் பரிசு மிக்ஸி. அதற்காகச் சந்தா இந்த வருடம் இரண்டு மடங்கு. சரி, அது இருக்கட்டும். கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒன்று போட்டிருக்கிறீர்கள்: "நேரமின்மை காரணமாக இந்த ஆண்டு கோலப்போட்டி நடைபெறாது." நான் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வரிக்காக.

கச்சேரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பாட்டுப் பிடிக்கும், நாற்காலி கிடைத்தால் கடைசி வரை உட்கார்ந்து கேட்பேன். ஆனால் கோலப்போட்டியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கச்சேரியை வைப்பதில் எதை இழக்கிறோம் என்று செயற்குழுவில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் 2024 டிசம்பர் வெள்ளம் ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

நடுவில் கொரோனாவால் விட்டுப்போன வருடத்தைக் கழித்துப் பார்த்தால் ஐந்து வருடமாகக் கோலப்போட்டிக்கு நோட்டு பிடிப்பவள் நான். மார்கழி கடைசி ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு, கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்திருக்கும், பனியில் தெருவிளக்கு மங்கலாகத் தெரியும், நடுவர்களாக வரும் டீச்சர்கள் இரண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார்கள், நான் பின்னால் நீள நோட்டோடு போவேன். கதவு எண், கீழா மாடியா, போட்டவர் பெயர், பரிசு கிடைத்தால் சொல்வதற்கு போன் நம்பர், அப்புறம் கோலத்தின் கணக்கு. "மாடி, 15 புள்ளி 8 வரை, இடுக்குப் புள்ளி, கலர் இல்லை, நடுவில் பூசணிப்பூ" என்று இருக்கும். கலந்துகொண்ட எல்லோருக்கும் ஒரு எவர்சில்வர் சம்படம் உண்டு என்பதால் பெயர் கொடுக்க யாரும் யோசித்ததில்லை. "பாட்டி உள்ள படுத்திருக்காங்க, அவங்க பேரையும் எழுதிக்கோங்க, அவங்கதான் புள்ளி வெச்சாங்க" என்று இன்னொரு சம்படத்துக்கு அடிபோடுவார்கள். எழுதிக்கொள்வேன். பொருளாளர் அக்காவிடம் இதற்காக இரண்டு முறை திட்டும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது அந்த வெள்ள ராத்திரிக்கு வருகிறேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்து, நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதை நாம் சமாளித்துவிட்டோம். முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, வடிந்தது, மழை விட்டதும் சிலர் வாசலைக் கழுவிக்கூட விட்டார்கள். அதன்பிறகுதான் ஆறு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் திறந்துவிட்டது நொடிக்கு 1.68 லட்சம் கன அடி. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில், நாம் இருப்பதோ கடலூரில், தென்பெண்ணை ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேர ஆன நேரம்தான் நமக்குக் கிடைத்த நேரம். அந்த நேரத்தில் நம் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு "பத்திரமாக இருங்கள்" என்று கும்பிடு போட்டுக்கொண்டிருந்தோம். நானும்தான்.

தண்ணீர் தெருமுனையிலிருந்து வரவில்லை. வாய்க்கால் வழியாக வந்தது. வெளியே போக வேண்டிய தண்ணீர் திரும்பி உள்ளே வந்தது. எங்கள் பாத்ரூம் ஓட்டையில் குபுக் குபுக்கென்று சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்தேன். வானத்தில் மழை இல்லை, காற்று இல்லை, வீட்டுக்குள் தண்ணீர். நாணமேடு, கண்டக்காடு, குண்டு உப்பலவாடி பக்கம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நாம் பட்டது ஒன்றுமே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

படகோடு வந்தவர்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: "எந்த வீட்ல எத்தனை பேரு, வயசானவங்க யாரு, நடக்க முடியாதவங்க யாரு?" செயலாளர் தம்பி சங்கப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், பாவம், இடுப்பளவுத் தண்ணீரில் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. திறந்து பார்த்தால் எல்லாம் வீட்டுச் சொந்தக்காரர்கள். நம் விதிப்படி அவர்கள்தானே உறுப்பினர்கள். அதில் பாதிப் பேர் இருப்பது சென்னையில், நெய்வேலியில், துபாயில். சென்னையில் இருக்கும் ஒருவருக்கு போன் போட்டு "உங்க வீட்ல யாரு சார் குடியிருக்காங்க" என்று கேட்டால், "புரோக்கர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்" என்றார். இன்றுவரை கூப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு அலமாரி மேல்தட்டில் இருந்த கோல நோட்டு ஞாபகம் வந்தது. அதில் வாடகைக்கு இருப்பவர்கள் இருந்தார்கள், மாடி போர்ஷன் இருந்தது, சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த வீடுகூட இருந்தது (விளையாட்டாக அவர்களும் ஒரு ரங்கோலி போட்டிருந்தார்கள், மயில் என்றார்கள், டீச்சர் வாத்து என்று மார்க் போட்டார்). கோலம் போட வாசல் இருந்தால் போதும், பத்திரம் தேவையில்லை பாருங்கள். மொபைல் டார்ச் வெளிச்சத்தில் நான் பக்கம் பக்கமாகப் படிக்க, படகுக்காரர்கள் வீடு வீடாகக் குரல் கொடுத்தார்கள்.

ஐந்தாவது குறுக்குத் தெருவில் பூட்டிய வீடு ஒன்று. சொந்தக்காரர் ஊரில் இல்லை, அதனால் ஆளில்லை என்று தாண்டிப் போகப் பார்த்தார்கள். நோட்டில் அந்தக் கதவு எண்ணுக்கு நேராக "பின் போர்ஷன், பாட்டி மட்டும், சந்து வாசலில் 7 புள்ளி சிக்குக் கோலம்" என்று என் கையெழுத்தில் இருந்தது. சந்துக்குள் போய்ப் பார்த்தால், அந்த அம்மா ஜன்னல் திண்டில் கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். அரிசி மூட்டையைப் பீரோ மேல் ஏற்றியிருக்கிறார், காஸ் சிலிண்டர் அறைக்குள் மிதந்து மிதந்து சுவரில் இடித்துக்கொண்டிருக்கிறது. கதவைத் தள்ளித் திறந்ததும் அவர் கேட்டது, "யாரு, வாடகைக்கா?" என்று. அவருடைய போன் நம்பர் யாரிடமும் இல்லை, ஏனென்றால் அவரிடம் போனே இல்லை. பதிவேட்டிலும் இல்லை, வாட்ஸ்அப்பிலும் இல்லை, கோல நோட்டில் மட்டும்தான் இருந்தார்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்தபோது இப்படி ஒரு நோட்டு தேவைப்படவில்லை. அப்போது நம் நகரில் பாதி மனை காலி, இருந்த வீடுகளில் சொந்தக்காரர்களே இருந்தார்கள், யார் வீட்டில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் ஒரே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டோம். அந்த அண்டாகூட சங்கம் பொங்கலுக்கென்று வாங்கியதுதான். இப்போது ஒரு வீட்டுக்கு மூன்று மீட்டர் பெட்டி. எதிர் வீட்டு மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கே அவர்கள் பைக் கலர்தான் தெரியும்.

மேடைக் கச்சேரிக்கு வருபவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்ப்பார்கள், முடிந்ததும் எழுந்து போவார்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று யாருக்கும் தெரியாது. வராதவர்கள்தான் நமக்கு முக்கியம். கோலப்போட்டியில் நாம் அவர்கள் வாசலுக்குப் போகிறோம். செலவு என்று பார்த்தால் சம்படமும் ஒரு நோட்டும்தான், கலர்பொடி அவரவர் செலவு. கச்சேரிக்கான முன்பணத்தில் பத்து வருடத்துக்குக் கோலப்போட்டி நடத்தலாம் என்று நினைக்கிறேன், பொருளாளர் அக்கா கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

வெள்ளம் வடிந்த அடுத்த மாதம் நடந்த போட்டி ஞாபகம் இருக்கிறதா? இந்த வருடம் வேண்டாம், சுவரெல்லாம் ஈரம், யாருக்கு மனசு இருக்கும் என்றுதான் பேசினோம். வாசலில் படிந்த வண்டலைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவியும் மாவு நிற்கவில்லை என்று பெண்கள் குறைபட்டுக்கொண்டார்கள், ஆனால் போட்டார்கள். ஐந்து வருட நோட்டில் அந்த வருடம்தான் பெயர் அதிகம். பிறகு தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு அதே தென்பெண்ணைக்குப் போய், டிசம்பரில் திட்டிய வாயாலேயே சாமி கும்பிட்டுவிட்டு, சிறுவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தோம்.

கோலப்போட்டியிலும் ஒரு குறை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுகிறேன். போட்டி நடப்பது மார்கழிக் கடைசியில், மழை வருவது ஐப்பசி கார்த்திகையில். பத்து மாதத்தில் பட்டியல் பழசாகிவிடுகிறது. அந்த ராத்திரி நோட்டில் இருந்த சில வீடுகளில் ஆள் மாறியிருந்தார்கள், வீணாகக் கத்தினோம். பள்ளிக்கூட லீவில் வீடு மாறுவார்கள், ஆடியில் மாற மாட்டார்கள், ஆவணியில் மறுபடி மாறுவார்கள், புரட்டாசியில் யாரும் பால் காய்ச்சுவதில்லை. ஆகவே புரட்டாசியில் ஒருமுறை வாசல் வாசலாகப் போய் எழுதினால் அந்தப் பட்டியல் மழை முடியும் வரை பெரும்பாலும் தாங்கும். நவராத்திரியும் அப்போதுதான் வருகிறது. கொலு வைத்திருக்கும் வீடு வைக்காத வீடு என்று பார்க்காமல், சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு நோட்டை நீட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த வருடத்திலிருந்து இதைச் செய்யலாம். மார்கழிக் கோலம் தனியாக நடக்கட்டும்.

இன்னொன்று, வாடகைக்கு இருப்பவர்களை உறுப்பினராக்குவது. ஓட்டுரிமை வேண்டாம் என்றால் வேண்டாம், இணை உறுப்பினர் என்று ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளுங்கள், பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு விதியைத் திருத்தி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டியதுதானே. குப்பை வண்டிக்கு நிற்பதும், கொசுவுக்குப் புகை அடிக்கும்போது பாத்திரத்தை மூடுவதும் அவர்கள்தான். சந்தா வாங்கும்போது மட்டும் அவர்கள் கதவைத் தட்டுகிறோம், அது நன்றாக இல்லை.

வாய்க்கால் பற்றி இரண்டாவது பக்கத்தில் ஒரே வரி: "தூர்வார மனு அளிக்கப்பட்டுள்ளது." எந்தத் தேதியில், யாரிடம், ரசீது எண் என்ன என்று போட்டிருந்தால் நாங்களும் போய்க் கேட்போம். நவம்பர் 1 உள்ளாட்சி நாளை ஒட்டி நடக்கும் பகுதி சபையில் பேசிக்கொள்ளலாம் என்று தலைவர் சார் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கிலேயே தொடங்கிவிடுகிறது சார். அடுத்த வருடம் ஆடியிலேயே கேட்கத் தொடங்குவோம்.

இதற்கெல்லாம் பொங்கல் வரை காத்திருக்க முடியாது, மழை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது. அதனால் வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு முதல் குறுக்குத் தெருவிலிருந்து நானே நோட்டோடு கிளம்புகிறேன், கோலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். டீச்சர்களில் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மயில் போட்ட பிள்ளைகளும் குடை பிடிக்க வருகிறார்களாம். செயற்குழுவிலிருந்து ஒருவராவது கூட நடந்தால் நன்றாக இருக்கும், தெரிந்த முகம் என்றால் கதவு சீக்கிரம் திறக்கும். கோலப்போட்டி நடக்கும் என்று அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி, அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள்.

பொருளாளர் அக்காவுக்கு: பழைய நோட்டு தண்ணீரில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், அட்டை போட்டது, 95 ரூபாய். பில் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
நோட்டு பிடிப்பவள்,
மூன்றாவது குறுக்குத் தெரு, கடலூர்