டீக்கடை, உணவகம் நடத்தும் உறுப்பினர்கள் கவனத்துக்கு

வணக்கம். "கடைக்குள்ள சிகரெட் பிடிக்காதீங்கன்னா வாடிக்கையாளர் போயிடுவாரே?" என்று நேற்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான்.

பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே உண்டு; நம் கடைகளும் பொது இடம்தான். விதிகள் கறாரானது 2008 அக்டோபர் 2 முதல். பிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம். நாம் மறந்துவிடுவது அடுத்த பகுதியை: புகார் வந்தும் கடைக்காரர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை அபராதம் அவர் தலையிலும் விழும். சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைத்துக் கொடுக்கக் கூடாது. தூணில் தொங்கும் தீக்கயிற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

வாடிக்கையாளர் போய்விடுவார் என்கிறீர்கள்; என் அனுபவம் வேறு. 'புகைபிடிக்கக் கூடாது' என்ற பலகை மாட்டிய முதல் வாரம் நான்கைந்து பேர் முணுமுணுத்தார்கள். அப்புறம் அவர்களே வெளியே போய்ப் பிடித்துவிட்டு உள்ளே வந்து காபி குடிக்கிறார்கள். நான் வாயால் சொன்னால் சண்டைக்கு வருபவர், பலகையைக் காட்டினால் சிகரெட்டை அணைத்துவிடுகிறார். பிள்ளைகளோடு வருபவர்கள் இதுவரை வாய் திறக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

பலகை குறைந்தது 60க்கு 30 செ.மீ. இருக்க வேண்டும், புகார் வாங்குபவர் பெயரோடு. மொத்தமாக அடித்தால் விலை குறையும். வேண்டியவர்கள் ஞாயிறு மாலைக்குள் எண்ணிக்கையை இங்கேயே போடுங்கள்.

– செயலாளர்